ஷபான் வீட்டு ரொட்டி

எங்கள் குடும்பப் பெயர் ஃபூர்னியே. அடுப்புக்காரன் என்று அர்த்தம். சமையலடுப்பு இல்லை, ஊர்ப் பொது ரொட்டியடுப்பு. அந்தக் காலத்தில் பிரபு ஊருக்கு ஓர் அடுப்பைக் கட்டிவைத்து, எல்லாரும் அதில்தான் ரொட்டி சுட வேண்டும், வீட்டில் சுட்டால் குற்றம் என்று உத்தரவு போட்டிருந்தார். சுட வந்தவர்களிடம் கூலியை ரொட்டியாகவே வாங்கிக்கொள்ள ஓர் ஆளையும் வைத்தார். அந்த ஆள்தான் எங்கள் முன்னோர். மாவு கொண்டுவந்தவன் இளைத்துக்கொண்டே போக, அடுப்புக்காரன் பெருத்துக்கொண்டே போன காலம் அது. ஊருக்கு ஓர் அடுப்பு, அடுப்புக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். ஆகவே பிரான்சில் எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் "ஃபூர்னியே" என்று கூப்பிட்டாலும் ஒரு தலையாவது நிமிரும். கிளெர்மோனில் என் கல்லூரி வகுப்பில் மூன்று பேர். நாங்கள் உறவா என்று தெரியாது. விசாரிக்கும் அளவுக்கு எங்களுக்கு ஒருவரையொருவர் பிடிக்கவில்லை.

எங்கள் ஊர் வெர்னோலில் தொழிலைச் சொல்லும் பெயர் இல்லாத வீடு குறைவு. பெயரும் தொழிலும் பொருந்துகிற வீடு அதைவிடக் குறைவு. ரொட்டிக்கடை வைத்திருப்பவர் புஷே, அதாவது கசாப்புக்காரர். மேயர் ஆபீஸ் எழுத்தரம்மா உகெத் தெஸ்யே, அதாவது நெசவாளர். பொத்தான் அறுந்தால் அவர் சட்டையையே மாற்றிவிடுவார். என் அப்பா ரெஜிஸ் ஃபூர்னியே பாலாடைக்கட்டிப் பண்ணைகளின் குளிர் அறைகளைப் பழுதுபார்க்கிறவர். வம்சம் அடுப்பில், பிழைப்பு பனிக்கட்டியில்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் பெயருக்கு வேலை வரும். நவம்பர் மாதம் புனித மார்த்தேன் நாளன்று, போர் நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைத்து மேயர் பேசி முடித்ததும், எல்லாரும் ஊர் அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். சாவி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. புரட்சியின்போது ஊரார் பிரபுவின் பத்திரங்களைக் கொளுத்தினார்கள்; அடுப்புச் சாவியைத் திரும்பக் கேட்க மறந்துவிட்டார்கள்.

அன்றைக்கு ஒவ்வொரு வீடும் மாவு பிசைந்து, மேலே தன் வீட்டு முத்திரைக் கட்டையை அழுத்திக் கொண்டுவரும். அப்பா நீளத் துடுப்பால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, முத்திரையைப் பார்த்து வீட்டுப் பெயரைக் கூப்பிடுவார். "இருக்கோம்" என்று பதில் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டின் கடைசி ஆள் அந்த வருஷம் செத்துப்போயிருந்தால் அதற்கு வேறு முறை. அந்த வீட்டு ரொட்டியை அடுப்புக்காரனே பிசைந்து முத்திரை குத்த வேண்டும். மற்ற ரொட்டிகளில் கைவைப்பதற்கு முன் அந்தப் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். யாரும் பதில் சொல்லாவிட்டால் முத்திரைக் கட்டையை நெருப்பில் போட்டுவிட்டு, அந்த ரொட்டியை ஊரே பங்கிட்டுத் தின்ன வேண்டும். இதற்கு வீட்டை மூடுவது என்று பெயர். இது மேயர் ஆபீஸில் பதிவாவதில்லை. ஆனால் இதன்மேல் அப்பீலும் கிடையாது.

என் அம்மா ஓடில் பிறந்தது ஷபான் வீட்டில். ஷபான் என்றால் குடிசை. அவர்கள் முத்திரையும் அப்படித்தான், சாய்ந்து நிற்கிற இரண்டு கோடு, கீழே ஒரு கோடு. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. தாத்தா போனபிறகு வீட்டை ஒரு ஹாலந்து தம்பதி வாங்கி, கோடையில் வந்து அதை போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் முத்திரைக் கட்டையை அம்மா விற்கவில்லை. வருஷா வருஷம் இரண்டு ரொட்டி பிசைவாள், ஒன்றில் எங்கள் முத்திரை, ஒன்றில் குடிசை. அப்பா குடிசையை வெளியே எடுத்து, அதை முன்பின் பார்த்திராதவர்போல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஷபான்!" என்று கூப்பிடுவார். அம்மா மேலங்கிப் பையில் கைகளை விட்டபடி முன்னால் வந்து, "இருக்கேன்" என்பாள்.

"மதாம் எந்த ஊரு?" என்று கேட்பார் அப்பா.

"அடுத்த தெரு."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆச்சு. ஆளு சுமார்தான்."

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதே கேள்வி, அதே பதில். ஊர் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிக்கும். அப்பா வருஷம் முழுக்கச் செய்கிற ஒரே வேடிக்கை அதுதான். மற்ற நாட்களில் அவர் பேசுவதைவிட அவர் பழுதுபார்க்கும் இயந்திரங்கள் அதிகம் பேசும்.

பிப்ரவரியில் அம்மா இறந்துபோனாள். நுரையீரல். மூன்று வாரம்கூட முழுசாகப் படுக்கவில்லை.

என் அக்கா அப்போலீன் லியோனில் கட்டட வரைபடம் போடுகிறவள். அடக்கத்துக்குப்பின் ஊருக்கு வர அவளுக்கு மனசில்லை. கல்லறைத் திருநாளுக்குத்தான் வந்தாள், கையில் ஒரு தொட்டி வெள்ளைச் சாமந்தியோடு. கல்லை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். எங்கள் குடும்பக் கல்லறையில் மேலே பெரிதாக ஃபூர்னியே என்று இருக்கும். கீழே ஆண்களோ பெண்களோ, வெறும் பெயரும் வருஷமும்தான். அப்பாவின் அத்தை ஓர் ஓடில் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். அதற்கும் முந்தைய தலைமுறையில் இன்னோர் ஓடில். அம்மா மூன்றாவது ஓடிலாகப் போய்ச் சேர்ந்திருந்தாள்.

அக்கா நின்றாள். தொட்டியைக் கீழே வைக்கவில்லை.

"இதுல அம்மா எங்கப்பா?"

"அதோ. ஓடில்."

"எந்த ஓடில்?"

"கடைசி ஓடில்."

"ஷபான்னு போடலையா?"

அப்பா கல்லைப் பார்த்தார். அவர் அதை யோசித்தே இருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த இடத்தில் மறந்துட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக, எங்கள் வீட்டில் எல்லாச் சாவுக்கும் சொல்கிற பழமொழியைச் சொன்னார்.

"உள்ளே போயிட்டா எல்லாரும் ஃபூர்னியேதாம்மா."

சாமந்தித் தொட்டியைக் கல்லின்மேல் வைக்காமல் பக்கத்துத் தரையில் வைத்துவிட்டு அக்கா கிளம்பிப் போனாள்.

எங்கள் நாட்டில் சில வருஷத்துக்கு முன் ஒரு சட்டம் வந்தது. வயதுவந்த யாரும் அப்பா பெயரை விட்டுவிட்டு அம்மா பெயருக்கு மாறிக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மனு கொடுத்துவிட்டு, ஒரு மாதம் யோசித்து, மறுபடி நேரில் வந்து சரிதான் என்று சொல்ல வேண்டும். வராவிட்டால் மனு செல்லாது. குடியிருக்கும் ஊரில் கொடுக்கலாம், பிறப்புப் பதிவான ஊரிலும் கொடுக்கலாம். அக்காவின் பிறப்பு பதிவானது வெர்னோலில். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அம்மாவை அவள் நினைவுத் தூணைக்கூடத் தாண்டவிடவில்லை. குளிர்பெட்டிச் சாமான்கள் நிறைந்த வண்டியின் பின்பக்கத்தில், அப்பாவின் கையில்தான் வந்து விழுந்தாள். ஃபூர்னியே அடுப்பிலிருந்து எடுத்துவிட்டான் என்று ஊர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் அக்கா போய் மனு கொடுத்துவிட்டு லியோனுக்கு பஸ் ஏறிவிட்டாள். அரசாங்க ரகசியம் என்பதால் உகெத் தெஸ்யே மத்தியானம்வரை யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் ரொட்டி வாங்கப் போனார்.

சாயங்காலம் காபிக்கடையில் அப்பாவைப் பார்த்த புஷே, "ஏன்டா ரெஜிஸ், உன் அடுப்புல சுட்ட ரொட்டி ஒண்ணு எழுந்து நடந்து போயிருச்சாமே," என்றார். நல்ல மனிதர்தான். துக்கம் விசாரிக்க அவருக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். அப்பா காபியைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

அப்புறம் கடையே கூடி ஒரு சட்டப் பிரச்சினையை ஆராய்ந்தது. இந்த மார்த்தேன் நாளில் ஷபான் வீட்டை மூட வேண்டும். ஓடில்தான் அதன் கடைசி ஆள். ஆனால் ஒருத்தி அந்தப் பெயரைக் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறாள். மாதம் முடியவில்லை. அவள் பதில் சொன்னால் செல்லுமா? அரசாங்கத்தின் ஒரு மாதத்துக்கு அடுப்பு கட்டுப்படாது என்று ஒரு கட்சி. பேப்பர் வரும்வரை ஃபூர்னியேதான் என்று ஒரு கட்சி. நான் சும்மா இருக்காமல், எனக்கும் ஓடில்தானே அம்மா, நான் சொன்னால் என்ன என்று கேட்டேன். நீ மனுக் கொடுத்தாயா என்றார்கள். இல்லை. அப்படியானால் வாயை மூடு என்றார்கள். இரண்டு கட்சிக்கும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

கடைசியில் இப்படி முடிவானது. அப்போலீன் நேரில் வந்து ஊர் முன்னால் இருக்கேன் என்று சொன்னால், ஷபான் வீடு திறந்த வீடு. மேயர் ஆபீஸ் அதற்கப்புறம் மெதுவாக வந்து சேரட்டும்.

அப்பாவிடம் சம்மதமா என்று கேட்டார்கள்.

"கூப்பிடறது என் வேலை. பதில் சொல்றது அவ வேலை," என்றார்.

இதை நான்தான் போனில் அக்காவிடம் சொன்னேன். "வர்றேன்," என்றாள். அப்புறம், "அப்பா கோவமா இருக்காராடா?" என்று கேட்டாள். அப்பா கோபமாக இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே மாதிரிதான் இருப்பார், ஆகவே எனக்குத் தெரியாது என்றேன்.

மார்த்தேன் நாள் காலையில் அப்பா சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். அம்மா செய்வதைப் பார்த்திருக்கிறாரே தவிர, கைவைத்ததில்லை. தண்ணீர் கூடிப் போய் மாவு விரலோடு ஒட்டியது. நான் உதவ வந்ததும் முழங்கையால் தள்ளிவிட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து குடிசை முத்திரையை எடுத்தார். கோடுகளுக்கு நடுவில் போன வருஷத்து மாவு காய்ந்து இருந்தது. அம்மா ஒருநாளும் அதை ஒழுங்காகக் கழுவியதில்லை. அப்பா குழாயைத் திறந்தார், முத்திரையைப் பார்த்தார், குழாயை மூடினார். அப்படியே மாவின்மேல் வைத்து அழுத்தினார்.

நினைவுத் தூணில் மேயர் பேசும்போதே அக்கா வந்துவிட்டாள். அம்மாவின் சாம்பல் நிற மேலங்கியைப் போட்டிருந்தாள். ஊர் அதைக் கவனித்தது. கவனிக்கவில்லை என்பதுபோல் எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பினார்கள். அப்பா அவளுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். "பஸ் சரியா வந்துச்சா?" என்றார். "வந்துச்சுப்பா," என்றாள். அதோடு சரி.

ரொட்டிகள் உள்ளே போயின. ஈர விறகின் புகை அடங்கி, வெந்த மாவின் வாசம் எழுந்தது. உருளைக்கிழங்குப் பணியாரத்தையும் சிவப்பு ஒயினையும் வைத்துக்கொண்டு ஊர் இரைந்து பேசிக்கொண்டிருந்தது. அப்பா அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து, துடுப்பை ஒரு கையிலும் முத்திரைக் கட்டையை ஒரு கையிலும் எடுத்ததும் பேச்சு நின்றது. நான் அக்காவின் பக்கத்தில் இருந்தேன்.

"ஷபான்!"

வருஷா வருஷம் கூப்பிடுகிற அதே குரல். யாரோ சிரிப்பதற்காகத் தயாராகிவிட்டு, இது அந்த வருஷம் இல்லை என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

"ஷபான்!"

இரண்டாவது தடவை கூப்பிட்டபோது அப்பா நேராக அக்காவைப் பார்த்தார். அக்காவும் அவரைப் பார்த்தாள். அவள் கை மேலங்கிப் பைக்குள் இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

மூன்றாவது தடவை அப்பா கூப்பிடவில்லை.

நின்றார். அடுப்புக் கதவு திறந்தபடி, உள்ளே ஊரின் மொத்த ரொட்டியும் இருக்க, ஃபூர்னியே வம்சத்தில் ஒருவர் துடுப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். வாசம் மாறியது. முதலில் பொன் நிறமான வாசம், அப்புறம் பழுப்பு. முன் வரிசையில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புஷே அருகே போய், காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ரெஜிஸ், கருகுது."

"தெரியும்."

அவர் கண் அக்காவைவிட்டு நகரவில்லை. அக்காவின் உதடுகள் அசைந்தன. சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கீழே, தன் பூட்ஸைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது முறை "ஷபான்" என்று அப்பா சொன்னது கூப்பிடுவதுபோல இல்லை. ஆபீஸில் ஒருவர் பெயர் கேட்டால் சொல்வதுபோல் இருந்தது. பிறகு முத்திரைக் கட்டையை உள்ளே போட்டார். உலர்ந்த மரம், உடனே பிடித்துக்கொண்டது.

அந்த வருஷம் வெர்னோலின் ஒவ்வொரு ரொட்டியும் அடி கருகி, மேலே மரப்பட்டை மாதிரி வெளியே வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் எதற்கும் குறைசொல்கிறவர்கள். மழை பெய்தால் மழையை, நின்றால் வெயிலை, பாதிரியார் பேசினால் நீளத்தை, பேசாவிட்டால் சம்பளத்தை. அன்றைக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கள் கருகலைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, ஷபான் ரொட்டியை வரிசையில் வந்து வாங்கினார்கள். உள்ளே மாவு வேகாமல் பிசுபிசுத்தது, வெளியே கரி. மென்று விழுங்கினார்கள். புஷே தொழிலில் இருக்கிறவர். அவர் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்காவும் தன் துண்டை வாங்கிக்கொண்டாள், மற்றவர்களைப் போல, ஃபூர்னியே வீட்டுப் பெண்ணாக.

பஸ் நிறுத்தத்துக்கு அவளோடு நான் நடந்தேன். பாதி வழியில் அவளே பேசினாள்.

"நான் சொல்லத்தான்டா வந்தேன். பஸ்ல பூரா சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்."

"அப்புறம் என்ன?"

"அவரு பாத்ததைப் பாக்கலையா நீ? வேண்டாம்மா, சொல்லிறாதேன்னு கெஞ்சுற மாதிரி. ரொட்டி கருகறதுகூடத் தெரியாம நிக்கறாரு. ஊரு முன்னால எப்படிடா நான் உங்க பொண்ணு இல்லேன்னு சொல்றது?" பஸ் வருகிறதா என்று பார்த்தாள். பஸ் வரவில்லை. "அம்மா போயாச்சு. இருக்கறவரையாவது பாக்கணுமில்ல."

மாதம் முடிந்தது. அக்கா மேயர் ஆபீஸுக்கு வரவில்லை. உகெத் அன்றைக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஆபீஸைத் திறந்துவைத்திருந்தாராம். அவர் பணிக்காலத்தில் இது முதல் தடவை என்று புஷே சொன்னார்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான் அப்பாவோடு ஒரு பண்ணைக்குப் போனேன். குளிர் அறை இயந்திரம் நின்றுபோய் இருந்தது. அப்பா தரையில் மல்லாந்து படுத்து உள்ளே கைவிட்டு எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். நான் டார்ச் பிடித்தேன். முகம் தெரியாமல் இருந்ததாலோ என்னவோ, பேசினார்.

"அப்போலீன் போகலையாமே."

"போகலைப்பா."

"உகெத் சொன்னா." ஸ்பானர் ஒருமுறை திரும்பியது. "ரெண்டாவது தடவைக்கு அப்புறம் எவ்வளவு நேரம் நின்னேன். அவளுக்குப் புரியலையா?"

"என்ன புரியணும்?"

"சொல்லு, சொல்லுன்னுதான்டா நின்னேன். வேற எதுக்கு நிப்பேன்? வருஷத்துல ஒரு நாளு அந்தப் பேரைக் கூப்பிட்டா யாராவது இருக்கேன்னு சொல்லணும். அவ்வளவுதானே. அவ சொல்லிட்டா அடுத்த வருஷமும் நான் கூப்பிடலாம்."

டார்ச்சை இன்னொரு கைக்கு மாற்றினேன். பிறகு சொன்னேன்.

"நீங்க சொல்லாதேன்னு கெஞ்சுறதா நினைச்சிட்டாப்பா."

ஸ்பானர் நின்றது. பண்ணையில் மாடு ஒன்று இருமியது.

"நானா?" என்றார் அப்பா.

ஸ்பானரை மறுபடி திருப்பிக்கொண்டே, "அவகிட்ட இதைச் சொல்லாதே," என்றார்.

"ஏன்? மறுபடி மனுக் கொடுக்கலாமேப்பா."

"கொடுக்கலாம். கட்டை எங்கடா இருக்கு?" திருகாணியை வாயில் வைத்துக்கொண்டு பேசியதால் சொற்கள் சரியாக வரவில்லை. "மூடின வீட்டைத் திறந்தது இல்ல நம்ம ஊர்ல. இப்பப் போய்ச் சொன்னா அதையும் சேத்து சுமப்பா. எனக்காக விட்டுக்கொடுத்தேன்னு நினைச்சிருக்கா இல்ல, அப்படியே நினைச்சிட்டுப் போகட்டும்."

இயந்திரம் ஒரு குலுக்கலோடு உயிர் பெற்றது. பண்ணைக்காரர் நன்றி சொல்லி ஒரு பாலாடைக்கட்டியைக் கொடுத்தார். அப்பா அதை வண்டியில் பின்னால் வைத்தார், அக்கா பிறந்த இடத்தில்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கல்லறைத் தோட்டத்தின் முன்னால் வண்டியை நிறுத்தினார். கல்தச்சர் காலையில் வந்துபோயிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது ஓடிலுக்குப் பக்கத்தில் ஷபான் என்று வெட்டியிருந்தது. மற்ற எழுத்துகளில் பாசி இருந்தது. இது மட்டும் வெள்ளையாக, கல்தூள் உதிர்ந்துகொண்டு இருந்தது.

அப்பா தொப்பியைக் கழற்றவில்லை. குனிந்து பார்த்தார், அந்த ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அதேபோல.

"ஷபான்," என்று படித்தார்.

படித்துவிட்டு, பழக்கத்தில், கொஞ்சம் காத்திருந்தார். பக்கத்தில் இரண்டு ஓடில்கள் இருந்தார்கள். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

"குளுருது. வாடா," என்றார் அப்பா. நான்தான் கேட்டைச் சாத்தினேன்.